நின்றுபோன பாலிசியைப் புதிய விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். வயது 42. 2020 ஜூலையில் எல்ஐசியில் 5 லட்ச ரூபாய்க்கு 20 வருட எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 6,800 ரூபாய். பத்துத் தவணை கட்டினேன். 2023 ஜனவரியில் ஆர்டர் இல்லாமல் கூலி கொடுப்பதே கஷ்டமானதால் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பாலிசி லாப்ஸ் ஆகிவிட்டது. 2024-ல் சர்க்கரை இருப்பது தெரிந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். அப்புறம் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆன்லைனில் டேர்ம் பாலிசிக்கு (பாலிசி காலத்தில் இறந்தால் மட்டும் பணம் தருவது) விண்ணப்பித்தேன். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு கூடுதல் பிரீமியம் கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட் 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி போட்டுத் தருகிறேன் என்கிறார். “லாப்ஸ் ஆனது, சர்க்கரை, அந்த ஆன்லைன் விஷயம் எதையும் எழுதாதீங்க. மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேள்வி கேட்க முடியாது” என்று சொல்கிறார். என் மனைவிக்கு இது சரியாகப் படவில்லை. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஏஜென்ட் சொன்னதில் பாதி சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை நம்பிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அதன் பாரம் முழுக்க உங்கள் மனைவி தலையில்தான் விழும். எப்படி என்பதைச் சொல்வதற்கு முன், உங்கள் பழைய பாலிசி பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

நீங்கள் ‘லாப்ஸ்’ என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பத்துத் தவணை என்றால் இரண்டரை வருடம். நீங்கள் எடுத்த காலத்து விதிகளின்படி இதுபோன்ற சேமிப்பு பாலிசிக்கு இரண்டு முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தால் சரண்டர் மதிப்பு (பாலிசியை இடையில் முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை) வந்துவிடும். சரண்டர் மதிப்பு வந்த பாலிசி, அதன்பின் பணம் கட்டாததால் மட்டும் செத்துப்போகாது, குறைந்த தொகைக்கு உயிரோடு இருக்கும் என்று 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 113-வது பிரிவு சொல்கிறது. இதைத்தான் ‘பெய்டு-அப்’ என்பார்கள். 80 தவணையில் 10 கட்டியிருக்கிறீர்கள். 5 லட்சத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 62,500 ரூபாய். ஏற்கெனவே சேர்ந்த போனஸ் இருந்தால் அது தனி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் புதிய விண்ணப்பத்தில் ‘லாப்ஸ்’ என்று எழுதுவதும் ‘பெய்டு-அப்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதலில் கிளை அலுவலகத்துக்குப் போய், பாலிசியின் இன்றைய நிலை என்ன என்று ஒரு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் வாங்குங்கள். அதில் என்ன இருக்கிறதோ அதையே அப்படியே எழுதுங்கள்.

இனி விண்ணப்பப் படிவம். அதில் ஒரு கட்டம் இருக்கும். நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொகை, எடுத்த வருடம், இப்போதைய நிலை என்று வரிசையாக. சில படிவங்கள் நடப்பில் உள்ளவற்றோடு, கடந்த மூன்று வருடத்தில் லாப்ஸ் ஆனவை, சரண்டர் செய்தவை எல்லாவற்றையும் கேட்கும். அதன் கீழே இன்னொரு கேள்வி: இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியத்தில் ஏற்கப்பட்டதா? உங்கள் ஆன்லைன் விண்ணப்பம் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. பணம் கட்டாமல் விட்டுவிட்டோமே, அது கணக்கில் வராதே என்று நினைக்காதீர்கள். அவர்கள் உங்கள் ரத்தத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கேள்வி கேட்பது அந்த முடிவைப் பற்றி.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். கணவர் இறந்து பணம் மறுக்கப்பட்ட பிறகு வந்தார். படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலப் படிவம். பழைய பாலிசி பற்றிய கட்டம் முழுக்கக் குறுக்காக ஒரே கோடு. உடல்நலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘நோ’ என்ற இடத்தில் ஒரே வேகத்தில் போட்ட டிக். எல்லாம் ஏஜென்ட் கைப்பட எழுதியது. கடைசிப் பக்கத்தில் மட்டும் அவருடைய கணவரின் தமிழ்க் கையொப்பம், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் போட்டது. அதற்குக் கீழே, ‘படிவத்தில் உள்ளது எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது’ என்ற உறுதிமொழியிலும் அதே கையொப்பம். “அவருக்கு இங்கிலீஷே தெரியாதுங்க” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த உறுதிமொழிக்குக் கீழே இருந்த கையொப்பத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. கட்டிய பிரீமியம் மட்டும்தான் திரும்பி வந்தது. படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

ஏஜென்ட் சொன்ன மூன்று வருடக் கணக்குக்கு வருவோம். அது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி வழங்கிய நாள், பொறுப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், ரைடர் (கூடுதல் பாதுகாப்பு) சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ, அதிலிருந்து மூன்று வருடம் கழிந்தால் எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. இதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது நடந்துவிட்டால்? அப்போது நிறுவனம் இரண்டு வழியில் வரலாம்.

ஒன்று, முக்கியத் தகவலைத் தவறாகச் சொன்னார் அல்லது சொல்லாமல் விட்டார் என்பது. உண்மை தெரிந்திருந்தால் இந்தப் பாலிசியைக் கொடுத்திருக்கவே மாட்டோம் என்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், மறுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பிரீமியத்தைத் திருப்பித் தருவதோடு அவர்கள் கடமை முடிந்தது. இன்னொன்று மோசடி. அறிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தார் என்பது. இங்கேதான் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, யாரும் விளம்பரத்தில் சொல்லாத வரி: பாலிசிதாரர் உயிரோடு இல்லை என்றால், மோசடி இல்லை என்று நிரூபிக்கும் சுமை பயனாளிகளுடையது.

அதாவது உங்கள் மனைவியுடையது. ஏஜென்ட் சொன்னதால்தான் எழுதவில்லை, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதை, நீங்கள் இல்லாத ஒரு நாளில், அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? அந்த ஏஜென்ட் சாட்சிக்கு வருவார் என்று நினைக்கிறீர்களா?

பழைய பாலிசியைச் சொல்லாததற்காக உண்மையிலேயே பணத்தை மறுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். மறுத்திருக்கிறார்கள், உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றிருக்கிறது. ரிலையன்ஸ் லைஃப் நிறுவனத்துக்கும் ரேகாபென் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவர் கணவர் 2009-ல் 10 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுத்தார். இரண்டே மாதத்துக்கு முன் வேறொரு நிறுவனத்தில் 11 லட்சத்துக்கு எடுத்திருந்ததைச் சொல்லவில்லை. 2010 ஜூலையில் இறந்துவிட்டார். வேறு பாலிசி உண்டா என்று படிவம் நேராகக் கேட்டிருக்கிறது, அதற்குத் தவறான பதில் கொடுத்தது முக்கியத் தகவலை மறைத்ததுதான் என்றது நீதிமன்றம். படிவத்தைப் படிக்காமல், நிரப்பாத தாளில் கையெழுத்துப் போட்டார் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியில் மகாவீர் சர்மா, எக்ஸைட் லைஃப் வழக்கு. தந்தை 25 லட்சத்துக்கு எடுத்த பாலிசி. விண்ணப்பத்தில் அவர் 40 லட்ச ரூபாய் பாலிசி ஒன்றைச் சொல்லியிருந்தார். எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 30 ஆயிரம்தான் வரும் சிறிய எல்ஐசி பாலிசிகளை விட்டுவிட்டார். அவர் இறந்தது விபத்தில். பெரியதைச் சொன்னவர் சிறியவற்றை விட்டதால் நிறுவனத்தின் முடிவு மாறியிருக்காது என்று சொல்லி, 9 சதவீத வட்டியோடு பணத்தைத் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைக் காட்டி ஏஜென்ட் உங்களைச் சமாதானப்படுத்தலாம். உங்கள் 62,500 ரூபாய் பெய்டு-அப் பாலிசியை மட்டும் விட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நானும் வாதாடுவேன். ஆனால் அதோடு சர்க்கரை, கூடுதல் பிரீமியம் கேட்ட விண்ணப்பம் இரண்டையும் சேர்த்து மறைத்தால் இந்தத் தீர்ப்பு உங்கள் பக்கம் வராது. ஒரு நிறுவனம் கூடுதல் பணம் கேட்டதே, சர்க்கரை முக்கியத் தகவல் என்பதற்குச் சாட்சி.

ஆகவே எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரீமியம் கூடும். மாதம் சில நூறு ரூபாய் கூடலாம், அதற்கு மேலும் போகலாம். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை ‘வேண்டாம்’ என்று விட்டது அதனால்தான் என்பது புரிகிறது. ஆனால் கூடுதல் பிரீமியம் கொடுத்து எடுத்த பாலிசியில், மூன்று வருடத்துக்குள் எது நடந்தாலும் நிறுவனம் ‘மறைத்தார்’ என்ற பேச்சை எடுக்க முடியாது. முதல் 12 மாதத்துக்குள் தற்கொலை என்றால் மட்டும் முழுத் தொகை கிடைக்காது. அது எல்லாப் பாலிசிக்கும் உள்ள நிபந்தனை. 50 லட்சத்துக்கான பிரீமியம் கட்டுப்படி ஆகாவிட்டால் 30 லட்சத்துக்கு எடுங்கள். இன்னும் இரண்டு நிறுவனத்தில் விலை கேளுங்கள், சர்க்கரைக்கு எல்லோரும் ஒரே அளவில் கூட்டுவதில்லை. மெஷினுக்குக் கடன் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

பழையதைப் புதுப்பிப்பது? முடியும். யூலிப் (பங்குச்சந்தையோடு இணைந்த பாலிசி) அல்லாத பாலிசிகளுக்கு, கட்டத் தவறிய முதல் தவணையிலிருந்து ஐந்து வருடம் அவகாசம். உங்களுக்கு 2028 ஜனவரி வரை. 11 தவணை நிலுவை என்று எடுத்தால் 74,800 ரூபாய், அதன்மேல் வட்டி. எல்ஐசி அவ்வப்போது தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்துப் புதுப்பிப்பு முகாம் நடத்தும், காத்திருக்கலாம். ஆனால் புதுப்பிப்பதற்கும் உடல்நல உறுதிமொழி கேட்பார்கள். அதிலும் சர்க்கரையை எழுதியாக வேண்டும். 45-வது பிரிவின் மூன்று வருடம் அங்கேயும் புதிதாக ஓடத் தொடங்கும். எல்ஐசிக்கும் சுனிதா என்பவருக்கும் நடந்த வழக்கில், 2011 அக்டோபர் தவணை கட்டாமல் லாப்ஸ் ஆகியிருந்தது. 2012 மார்ச் 6-ல் அவர் கணவருக்கு விபத்து. அதைச் சொல்லாமல் 9-ம் தேதி பணம் கட்டிப் புதுப்பித்தார்கள். 21-ம் தேதி கணவர் இறந்தார். விபத்துக்கான கூடுதல் தொகை கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தை முதலில் டேர்ம் பாலிசிக்குப் போடுங்கள். 5 லட்சத்தை மீட்க முக்கால் லட்சம் கட்டுவதைவிட, குடும்பத்துக்கு 50 லட்சம் நிற்பது முக்கியம். பெய்டு-அப் பாலிசி அதன்பாட்டுக்கு இருக்கட்டும். இப்போதைக்கு சரண்டர் செய்ய வேண்டாம். புதிய பாலிசி கைக்கு வரும் வரை எதையும் விடக்கூடாது. விண்ணப்பமும் பணமும் கொடுத்தாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1984-ல் வாசிரெட்டி கோமளவல்லி கம்பா வழக்கில் நடந்தது இதுதான். 1960 டிசம்பர் 27-ல் 50,000 ரூபாய்க்கு விண்ணப்பம், செக் பணமும் நிறுவனத்துக்குப் போய்விட்டது, 1961 ஜனவரி 12-ல் விண்ணப்பித்தவர் இறந்துவிட்டார். நிறுவனம் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லாத வரை ஒப்பந்தமே இல்லை என்றது தீர்ப்பு.

இப்போது படிவங்கள் பெரும்பாலும் ஏஜென்ட்டின் டேப்லெட்டில் நிரம்புகின்றன. உங்கள் போனுக்கு வரும் ஓடிபிதான் உங்கள் கையெழுத்து. நிரப்பியதை முழுசாகப் படிக்காமல் ஓடிபியைச் சொல்லாதீர்கள். பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வரும், தமிழிலேயே பேசுவார்கள். வேறு பாலிசி உண்டா, சர்க்கரைக்கு மாத்திரை உண்டா என்றால் ‘ஆமாம்’ என்று சொல்லுங்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. பாலிசி வந்ததும் கூடவே இருக்கும் விண்ணப்ப நகலை எடுத்து, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். நகல் இல்லையென்றால் 51-வது பிரிவின்படி கேட்டு வாங்கலாம். தவறு இருந்தால் உடனே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் திருத்தம் எழுதுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையும் இருக்கிறது.

‘இதையெல்லாம் எழுதினால் நான் போட்டுத் தர முடியாது’ என்று ஏஜென்ட் சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் கிளைக்கு நேராகப் போய், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் மேஜையில் வைத்து விண்ணப்பம் கொடுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள்.