பழைய இசையை மீண்டும் வாசிக்காமல், பழைய ஒலிப்பதிவையே வெட்டி எடுத்துப் பயன்படுத்துவது ஏன்?

ஏற்கெனவே வெளிவந்த ஒலிப்பதிவின் ஒரு துண்டை அப்படியே எடுத்துப் புதிய பாட்டில் பொருத்துவதற்கு 'சாம்பிளிங்' என்று பெயர். அதே தாளத்தை இன்னொருவர் வாசிக்கலாமே என்று தோன்றும். ஆனால் இசைக்கலைஞர்கள் தேடுவது தாளத்தை மட்டுமன்று. அந்த டிரம்மின் தோல், அறையின் எதிரொலி, நாடாப் பதிவின் கரகரப்பு, வாசித்தவரின் கைப்பழக்கம் எல்லாம் பிரிக்க முடியாதபடி கலந்த ஒலியைத்தான். அப்பாவின் பழைய கடிதத்தை எவ்வளவு திருத்தமாகப் படியெடுத்தாலும் சொற்கள் வருமே தவிர, அவருடைய கையெழுத்து வராது.

1969இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 'ஆமென், பிரதர்' பதிவில் கிரெகரி கோல்மன் சில விநாடிகள் தனியாக டிரம்ஸ் வாசித்தார். நான்காவது சுற்றில் முதல் அடியை வெறுமையாக விட்டுவிட்டுத் தொடரும் அந்தத் துண்டு, ஹிப்-ஹாப் இசையிலும், 1990களில் இங்கிலாந்தில் எழுந்த 'ஜங்கிள்' இசையிலும் எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. ஜங்கிள் கலைஞர்கள் அதை வேகமாக்கி, அடி அடியாக நறுக்கி, வரிசை மாற்றி அடுக்கினார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்பது நியாயமில்லை. கோல்மனுக்கு இதனால் உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

சில விநாடிகள் மட்டும் எடுத்தால் அனுமதி தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது.