குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே படிப்பைப் பற்றியவை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.

என் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. குற்றவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் மாமியார், "திருட்டைப் பற்றிப் படிக்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்கிறார். அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?
— ஒரு அம்மா, ஆரணி

நான் இதில் சேர்ந்தபோது என் பெரியப்பா, "பூட்டு உடைக்கப் பிராக்டிகல் உண்டாடா?" என்று கேட்டார். உங்கள் மாமியார் பரவாயில்லை.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றம், குற்றவியல் வழக்கறிஞர் என்று பேப்பரில் படித்துப் படித்து இதை வக்கீல் படிப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. சட்டம் ஒன்றிரண்டு தாள்தான். மீதி உளவியல், சமூகவியல், சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பாடம், அப்புறம் எல்லோரும் பயப்படுகிற புள்ளியியல்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மார்கழி மாதம் காலை ஐந்தரை மணி, வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் கழுத்துச் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போகிறார்கள். போலீஸ் 'யார்?' என்று தேடும். குற்றவியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏன் அந்தத் தெரு, ஏன் அந்த நேரம்? கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1979இல் எழுதியதைச் சுருக்கினால், திருட நினைப்பவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆள் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கிறது. அந்த மூன்றில் எதைக் கலைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் உங்கள் மகள் மூன்று வருஷம் செய்யப்போகிற வேலை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் விண்ணப்பிக்கும் முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாமியாரிடம் கோலம் கதையைச் சொல்லிப் பாருங்கள், அவரே கட்சி மாறினாலும் மாறுவார்.

எனக்கு எஸ்.ஐ. ஆக வேண்டும், முடிந்தால் சி.பி.ஐ. இந்தப் பட்டம் உதவுமா சார்?
— பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்

தம்பி, எஸ்.ஐ. தேர்வை எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். சி.பி.ஐ. எஸ்.ஐ. பணிக்கு எஸ்.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு, அதுவும் அப்படித்தான். உடல்திறன் தேர்வில் தொங்கும் கயிறு நீ என்ன படித்தாய் என்று கேட்காது. பாடம் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். காக்கிச் சட்டைக்காக மட்டும் என்றால் உனக்குப் பிடித்த வேறு எதையாவது படித்துக்கொண்டே காலையில் ஓடு.

குற்றம் எப்படி உருவாகிறது என்பதில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் மட்டும் இதற்கு வா. வந்தால் இளநிலையோடு நிறுத்தாதே, நிறுத்தியவர்கள் வேலைக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலும் இதற்குத் தனித்துறையே இருக்கிறது, முதுநிலை படிக்கலாம். சைபர் கிரிமினாலஜி, அதாவது இணையக் குற்றவியல் என்ற பெயரில் 2007இல் ஓர் ஆய்விதழையே தொடங்கிய கே. ஜெய்சங்கர் அப்போது நெல்லையில்தான் ஆசிரியராக இருந்தார். இல்லையென்றால் மூன்று வருட பி.எல்., அல்லது சமூகப்பணி முதுநிலை முடித்துவிட்டு நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற பக்கம் போகலாம், சம்பளம் சுமார், வேலை கனம். வங்கி, இன்ஷூரன்ஸில் மோசடி கண்டுபிடிக்கும் பிரிவுகள் இருக்கின்றன, ஆனால் எக்செல் கூடத் தெரியாமல் அங்கே போய் நின்றால் கஷ்டம்.

தடய அறிவியலும் இதுவும் ஒன்றா?
— ஒரு வாசகர், கரூர்

இல்லை. ரத்தக்கறை, விஷம், டி.என்.ஏ. எல்லாம் ஆய்வகச் சமாச்சாரம், வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ படித்தவர்களுக்கானது. குற்றவியலில் தடய அறிவியலுக்கு ஓர் அறிமுகத் தாள் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மாநிலங்கள் இதைக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம். அந்த வேலை வேண்டுமென்றால் வேதியியல் எடுங்கள்.

படிப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் செமஸ்டரில் லோம்ப்ரோசோ, மண்டையோட்டு அளவு என்று போட்டுச் சாவடித்தார்கள். 1876இல் எவனோ இத்தாலிக்காரன் எழுதிய தப்பான தியரி நமக்கு எதற்கு?
— இரண்டாமாண்டு மாணவர், மதுரை

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா?

தாடையையும் காதையும் பார்த்தே 'பிறவிக் குற்றவாளி'யைச் சொல்லிவிடலாம் என்றார் லோம்ப்ரோசோ. தப்புதான். ஆனால் அவர் புத்தகம் வருவதற்கு 5 வருஷம் முன்பே, 1871இல், இங்கே ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டது. அவர் ஒரு ஆளைத்தான் பிறவிக் குற்றவாளி என்றார், இவர்கள் சமூகம் சமூகமாகவே எழுதிவைத்தார்கள். 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், இரவானால் ஆண்கள் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். தனியாக எந்தக் குற்றமும் நிரூபிக்க வேண்டியதில்லை, அந்தச் சமூகத்தில் பிறந்திருந்தால் போதும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள், போலீஸ் சுட்டது, செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை நீக்க 1947 ஆயிற்று.

உன் பாடப்புத்தகத்தில் மண்டையோட்டுப் படம் இருக்கும், இது இருக்கிறதோ என்னவோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த ஊர் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு வா. அப்புறம் அந்த யூனிட்டைத் திரும்பப் படி, போரடித்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடு.