மளிகைக் கடை மூலைக்கு மூலை, பத்திரிகைக் கடை ஒரே தெருவில்: ஏன்?

கேள்வி: எங்கள் பக்கம் மூலைக்கு மூலை மளிகைக் கடை இருக்கிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, ஸ்பீக்கர் ஒயருக்கு ரிச்சி தெரு என்று அலைய வேண்டியிருக்கிறது. ஒரே சரக்கை விற்கிறவர்கள் ஒட்டி ஒட்டிக் கடை போட்டால் வியாபாரம் கெடாதா? சென்னை முழுக்கப் பரவலாகப் போட்டால் என்ன?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: கெடாது, வளரும். நீங்களே யோசித்துப் பாருங்கள், கால் கிலோ துவரம் பருப்புக்கு யாராவது நாலு கடை ஏறி இறங்குவார்களா? குழம்பு அடுப்பில் இருக்கும்போது எது பக்கமோ அதுதான் கடை. அதனால்தான் அண்ணாச்சி கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, ஒரு கடைக்கு அந்த நாலைந்து தெரு ஜனங்களே போதும், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கடன் கொடுக்கவும் ஆள் தெரிந்திருக்க வேண்டுமே. கல்யாணப் பத்திரிகை அப்படியா? எப்போதோ ஒருமுறை வாங்குகிறோம், பத்து மாதிரியாவது பார்க்காமல் மனசு ஆறாது. ஆதம்பாக்கத்தில் தனியாக ஒரு பத்திரிகைக் கடை இருந்தால் அங்கே பார்த்துவிட்டும் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போவீர்கள். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கூட்டம் வருகிற இடத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அவர்களுக்கு லாபம். தவிர, காகிதக் கடை, அச்சகம் எல்லாம் அங்கேயே சுற்றி இருப்பதால் வேலையும் சீக்கிரம் முடிகிறது.

ஆண்டர்சன் தெரு இருக்கிற ஜார்ஜ் டவுனில் இது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் காலத்து விஷயம். பக்கத்துக் கடற்கரையில் சரக்கு இறங்கியது, வியாபாரிகள் அங்கேயே தங்கினார்கள், தெருவுக்கு ஒரு தொழில் என்று நிலைத்தது: கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்த வியாபார மளிகை, கோடவுன் தெருவில் துணி. காய்கறிக்குக் கொத்தவால் சாவடி இருந்தது. 1996ல் அதைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே போயும் கடைகள் சிதறவில்லை என்பதைக் கவனியுங்கள், மொத்தமாகப் போய் மொத்தமாகவே உட்கார்ந்தன.

கேள்வி: ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) பெரிய அடுக்குமாடியில் இருக்கிறோம். ஒரு நாட்டு மருந்துக் கடை கண்ணில் படவில்லையே?
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: அந்தக் கடைகள் கோயிலையும் பழைய குடியிருப்பையும் ஒட்டி வளர்ந்தவை. மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகளில் பூ, பூஜைச் சாமான், பாத்திரம் என்று வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பக்கம் நடந்து போகிற கூட்டமே குறைவு, புதுக் கட்டிடங்களில் கேட்கிற வாடகையை வசம்பும் சுக்கும் விற்றுக் கட்ட முடியாது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆயிரம் வீடு கட்டுகிறவர்கள், சாலையைப் பார்த்தபடி தலா நூறு சதுர அடியில் நாலு கடை விட்டால் என்ன? உங்கள் நலச் சங்கத்தில் தைரியமாகக் கேளுங்கள். சரி, இப்போதைக்கு அவசரம் என்றால் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் முதலில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் மயிலாப்பூர்தான்.