காரத்தின் மேல் பழி போடாதீர்கள்

சிங்கப்பூரில் பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. மூன்று மாதமாக, வாரத்தில் நான்கு இரவு பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் ஓடுகிறேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. மிளகாய் கொழுப்பை எரிக்கும் என்று அலுவலக நண்பர் சொன்னதால், மதியம் நாசி லெமாக்கோ மீ கோரேங்கோ எதுவானாலும் சம்பலை (மிளகாய் விழுதை) கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். எங்கே தவறுகிறேன்? (செங்காங் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குடிக்கிறீர்கள் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் மறுகடிதம் போட்டுக் கேட்டேன். பதில் வந்தது: காலையில் ஒரு தே, அதாவது பால் தேநீர். மதியம் சம்பல் எரிச்சலுக்கு, ரோஜாப் பாகும் பாலும் கலந்த பந்தோங் ஒன்று. மாலையில் தே தாரிக். ஓடி முடித்ததும் களைப்புக்கு ஒரு பாட்டில் இனிப்புப் பானம். நான் தேடிய திருடன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கணக்கைப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் அரை லிட்டர் குடித்தால் 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. கிராமுக்கு 4 கலோரி, ஆக 200 கலோரி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 130 முதல் 150 வரைதான். நீங்கள் ஓடுகிறீர்கள், கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். ஆனால் ஓடுவது வாரம் நான்கு நாள், குடிப்பது ஏழு நாள்.

2022 டிசம்பர் கடைசியிலிருந்து இங்கே பாட்டில், டின் பானங்களில் ஏ, பி, சி, டி என்று எழுத்துக் குறி போடுகிறார்கள். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அடுத்த முறை கடையில் எந்த எழுத்து என்று பார்த்து வாங்குங்கள். உணவங்காடியில் பெரும்பாலும் எழுத்து இருக்காது, வாய்தான் உதவி. 'தே சி கோசோங்' என்று கேட்டால் சர்க்கரை போடாமல், இனிப்பில்லாத பால் ஊற்றித் தருவார்கள். முதல் வாரம் கசக்கும். முடியாவிட்டால் 'சியூ டாய்' என்று சொல்லிச் சர்க்கரையைக் குறைத்து இறங்குங்கள். வெறும் 'தே' என்றால் இனிப்பு டின் பால்தான் வரும். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை.

நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. மிளகாயின் காரச் சத்தான காப்சைசின், உடம்பு செலவிடும் சக்தியைத் துளியளவு கூட்டுகிறது. ஒரு குவளை பந்தோங்குக்கு முன்னால் அந்தத் துளி எடுபடாது. தவிர, நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அதன் ஓரத்தில் இருக்கும் சம்பலை மருந்தாக நினைத்த உங்கள் நம்பிக்கையை மெச்சுகிறேன்.

உபதேசம் செய்ய எனக்குத் தகுதி உண்டா என்று கேட்பீர்கள். இரவுப் பணியில் டின் பால் தே குடித்துக் குடித்து 78 கிலோவில் நின்றவள் நான். உயரம் 158 சென்டிமீட்டர். 14 மாதத்தில் 66க்கு வந்தேன். உயர-எடைக் குறியீடு இப்போது 26.4. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். ஆக, இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறேன். ஓட்டத்தை விடாதீர்கள், பானத்தை மட்டும் மாற்றி இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: அக்கா, திருநெல்வேலியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஷென்டன் வேயில் வேலை. ஊரில் நான் காரத்துக்குப் பேர்போனவள். இங்கே மதிய உணவில், சில்லி பாடி என்ற குட்டி மிளகாயை நறுக்கிப் போட்ட சோயா சாஸில் மீனைத் தொட்டு வாயில் வைத்தேன், கண்ணீர் கொட்டிவிட்டது. "இந்தியப் பெண்ணுக்குக் காரம் ஆகாதா?" என்று உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். போன வாரம் மாலா என்ற சீனக் காரச் சாப்பாடு சாப்பிட்டேன். உதடே மரத்துவிட்டது, பயந்துவிட்டேன். எப்படிப் பழகுவது? (புக்கிட் பாஞ்சாங் வாசகி)

பதில்: சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், தங்கை. அவர்களை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுங்கள், கணக்குத் தீர்ந்துவிடும்.

நம் வீட்டுக் காரம் வெந்த காரம். வற்றலை வறுத்து அரைத்து, புளியில் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிய இறக்கி, அதையும் தட்டு நிறையச் சோற்றில் பிசைந்து உண்கிறோம். நாக்குக்கு வந்து சேர்வதற்குள் அது பாதி களைத்துவிடுகிறது. சில்லி பாடி பச்சையாக, வழித்துணை இல்லாமல் நேரே வருகிறது. மலாயில் பாடி என்றால் நெல். அடக்கமெல்லாம் பெயரில்தான்.

மாலாவில் உதடு மரத்தது மிளகாயால் அல்ல. அதில் சிச்சுவான் மிளகு என்ற வேறு ஒரு செடியின் காய்த்தோல் சேர்கிறது. அதற்கு மரக்கச் செய்யும் குணம் உண்டு. சிறிது நேரத்தில் தானே போய்விடும். ஆனால் உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு இழுத்தாலோ அது ஒவ்வாமை. அப்போது எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.

எரிச்சல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகும். சூட்டை அறியும் உணர்வாங்கி ஒன்று நம் நரம்புகளில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியசைத் தாண்டினால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. காப்சைசினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 1997இல் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 'வாய் எரிகிறது' என்று என் பாட்டி சொல்வார். அந்தக் கிழவி பள்ளிக்கூடம் போகாதவர், உடம்பு சொன்னதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். அடிக்கடி தட்டினால் அந்தக் கதவு கொஞ்சம் மந்தமாகிவிடும். பழக்கம் என்பது அதுதான், வீரம் ஒன்றுமில்லை.

ஆகவே மெதுவாக வாருங்கள். முதல் வாரம், மிளகாய் ஊறிய சோயா சாஸை மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள், துண்டுகளை ஒதுக்குங்கள். அடுத்து ஒரே ஒரு துண்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சுரண்டிவிட்டு. காரம் விதையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் அதிகம். வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு வாய் சோறு போன பிறகு தொடுங்கள். எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், காப்சைசின் தண்ணீரில் கரையாது. குளிர்ந்த பால், மோர், தயிர் உதவும். சர்க்கரையும் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும் என்பதுதான் சிக்கலே. செங்காங் தம்பி பந்தோங்கில் விழுந்தது அப்படித்தான். தேக்கா சந்தையில் மோர் கிடைக்கிறது, தயிர் எல்லாப் பேரங்காடியிலும் இருக்கிறது. ஒரு சிறு டப்பாவில் அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள்.

சில்லி பாடி நறுக்கினால் கையை எண்ணெயில் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் கழுவுங்கள். ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு, கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு நான் கண்ணைக் கசக்கினேன். தாதி என்ற பெருமையெல்லாம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதது.

இன்னொன்று. மிளகாய்க்கே நெல்லை சொந்த ஊர் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்ததைப் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய். அதுவும் உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 67. ஊரில் விடிந்ததும் ஆற்றங்கரையில் நடப்பேன். இங்கே ஆறரைக்கும் இருட்டு. மகள் தனியாகப் போகவேண்டாம் என்கிறாள். கால் துருப்பிடிக்கிறது. (தோ பாயோ வாசகர்)

பதில்: ஐயா, குற்றம் சூரியன் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல். 1982 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூர் தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அதனால் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. நீங்களும் நடையை ஏழே காலுக்குத் தள்ளிவையுங்கள். ஊர்க் கடிகாரத்தில் அது இன்னும் ஐந்து மணியைத் தாண்டாத நேரம்தான், யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள்.

மழை நாளுக்குப் படிக்கட்டு இருக்கிறது. நான் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறேன். ஏறுவது காலால், இறங்குவது மின்தூக்கியில். இறங்கும்போதுதான் மூட்டுக்குப் பாரம் அதிகம், அதை உடம்பு சொன்ன பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இரண்டு மாடியில் தொடங்குங்கள். நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்திருக்கிறார்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள், சாம்பார் கொதிக்கும் நேரம் போதும். புளோக்கின் கீழே காலையில் தாய் சீ செய்யும் சீன முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மொழி தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். பின்வரிசையில் நின்று கையைத் தூக்கினால் போதும், மறுநாள் உங்களுக்கு இடம் பிடித்துவைப்பார்கள்.

கேள்வி: வயிற்றில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு நடந்தால் தொப்பை கரையுமா? (ஈசூன் வாசகி)

பதில்: கரையாது. போவது வியர்வை. ஒரு குவளை தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மயங்கி விழுவீர்கள். அந்தத் தாளில் கறிவேப்பிலையைச் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது, புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமானத் தளத்தில் நாள் முழுவதும் சுமக்கிறேன். இருந்தும் இரண்டு ஆண்டில் ஆறு கிலோ ஏறிவிட்டது. விடுதியில் நண்பர்கள் பளு தூக்குகிறார்கள், நானும் சேரவா? வெளியிலிருந்து வரும் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஊறுகாய் இல்லாமல் இறங்குவதில்லை. (துவாஸ் வாசகர்)

பதில்: தம்பி, பகலெல்லாம் சுமந்தவர் இரவிலும் எதற்குச் சுமக்க வேண்டும்? உங்களுக்குத் தேவை முதுகையும் தொடையையும் நீட்டி மடக்கும் பத்து நிமிடம், பிறகு தூக்கம். தூக்கம் குறைந்தால் பசி கூடும். அதை வார்டில் என் உடம்பிலேயே பார்த்தேன்.

விடியுமுன் கட்டிய பொட்டலத்தை நண்பகலில் பிரித்தால் எப்படி ருசிக்கும்! ஊறுகாய் தேடுவது உங்கள் குற்றமில்லை. ஆனால் ஊறுகாயின் உப்பு தாகத்தைக் கிளப்பும். வெயிலும் சேர்ந்தால் கை குளிர்ந்த டின்னுக்குத்தான் போகும். எத்தனை டின் என்று நீங்களும் எழுதவில்லை! ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருப்புப்பொடிப் பொட்டலமும் சேரட்டும். பொட்டலச் சோற்றுக்கு உயிர் வரும். தண்ணீரைத் தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள்.

ஏறிய ஆறு கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு சொல்லாது. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தையற்காரரின் நாடா ஒன்றை இரவல் வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல் மூச்சை விட்டு அளந்து எழுதுங்கள். டின் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். மீதியை அடுத்த இதழில் பேசுவோம்.