தடுப்புப் பராமரிப்பு: மென்பொருளில் எதை ஏற்றுவது, எதைக் கண்காணிப்பது?

கேள்வி: தருமபுரியில் ஒரு கல்லூரி வளாகத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு ஜெனரேட்டர்கள், சர்வர் அறை யுபிஎஸ், லிஃப்ட், போர்வெல் மோட்டார்கள் எல்லாம் உண்டு. உட்கட்டமைப்பு மேலாண்மை மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறோம். தடுப்புப் பராமரிப்புத் தேவைகளை அதில் எப்படி அமைப்பது? வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படிக் கண்காணிப்பது?

பதில்:

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மின்சாரம், தண்ணீர், ஏசி ஆகியவற்றின் பராமரிப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நீங்கள் சொல்லும் சாதனங்கள் எல்லாம் எங்களிடமும் இருக்கின்றன. எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்படியாகச் சொல்கிறேன்.

எல்லா மென்பொருளும் முதலில் கேட்பது "எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்பதைத்தான். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன், குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். இந்த வேலை எந்தப் பழுதைத் தடுக்கிறது? செய்து முடித்தால் கையில் என்ன அளவீடு கிடைக்கும்? இரண்டுக்கும் பதில் இல்லாத வேலையை ஏற்றவே வேண்டாம். ஏற்றினால் வொர்க் ஆர்டர் (மென்பொருள் தரும் வேலைச் சீட்டு) எண்ணிக்கை பெருகும், எலக்ட்ரீஷியன் அலுத்துப் போவார், நிஜமாகவே முக்கியமான வேலை அந்தக் கும்பலில் மறைந்துவிடும்.

அதிகம் செய்தால் அதிகப் பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன் குழு, 50 மணி நேரப் பராமரிப்பு முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் கூடுவதைக் கண்டது. 1978இல் நௌலன், ஹீப் என்ற யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் வகை என்று காட்டினார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை புதிதாக மாட்டிய தொடக்கத்திலேயே அதிகம் பழுதாகின. நம் பம்பும் பேட்டரியும் விமானப் பாகங்கள் இல்லைதான். ஆனாலும் நன்றாக ஓடும் ஒன்றைக் காரணமின்றிக் கழற்றி மாட்டுவதில் ஆபத்து உண்டு என்பது இங்கேயும் உண்மை.

இனி இடைவெளிக்கு வருவோம். ஜெனரேட்டர் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பல கையேடுகளில் 250 மணி நேர ஓட்டம் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். சில மாடல்களுக்கு இதைவிட நீண்ட கெடு உண்டு. உங்கள் கையேட்டில் உள்ளதையே எடுங்கள். மென்பொருளில் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மின்வெட்டு குறைந்த ஆண்டில் ஜெனரேட்டர் மாதத்துக்குச் சில மணி நேரம்தான் ஓடும். மணிக்கணக்கை மட்டும் கொடுத்திருந்தால் ஆயில் மாற்றும் நாள் வரவே வராது, எண்ணெயோ சும்மா நின்றபடியே கெட்டுப்போகும். மணிக்கணக்கு வேண்டுமானால் மீட்டர் எண்ணை வாரந்தோறும் யாராவது உள்ளிட வேண்டும். அதையும் ஒரு வேலையாகவே ஏற்றி, ஒருவர் பெயரில் போட்டுவிடுங்கள்.

அடுத்த தேதியை எதிலிருந்து கணக்கிடுவது என்று ஓர் அமைப்பு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. திட்டமிட்ட தேதியிலிருந்து கணக்கிடலாம், வேலை முடிந்த தேதியிலிருந்தும் கணக்கிடலாம். ஃபில்டர், ஆயில், கிரீஸ் போன்றவற்றுக்கு முடிந்த தேதியே சரி. சட்டம் கெடு வைத்தவற்றுக்குத் திட்டமிட்ட தேதிதான் வேண்டும். தொழிற்சாலை லிஃப்டை 6 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கல்லூரி லிஃப்டுக்கு உரிய விதி வேறு, உங்கள் உரிமத்தில் உள்ள தேதியைப் பார்த்துப் போடுங்கள். பாய்லர் சான்றுக்கும் பொதுவாக 12 மாதமே ஆயுள். கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசன் நடுவில் சான்று முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகை இடைவெளிகளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவையுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். நம் மாவட்டங்களில் பாறை நிலம், மேல் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். எர்த்திங் மின்தடையை நவம்பரில், மழை இறங்கிய மண்ணில் அளந்தால் குறைவான, அழகான எண் வரும். நமக்கு வேண்டியது மண் வறண்டு கிடக்கும்போது வரும் எண். கோடை இடிமழைக்கு முன்பே, அதாவது மார்ச் வாக்கில், எர்த்திங்கையும் இடிதாங்கியையும் சோதிக்கும்படி அமைத்துவிடுங்கள். அடுத்து, நாளிதழில் வரும் "நாளை மின் நிறுத்தம்" அறிவிப்பு. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நடக்கும் அந்த நாள்தான் டிரான்ஸ்ஃபார்மரையும் உயரழுத்தப் பேனலையும் தொட வசதியான நாள். அன்று வளாகமே ஜெனரேட்டரை நம்பி நிற்கும் என்பதால் ஜெனரேட்டர் சர்வீஸ் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு வேலை முடிந்தால்தான் இன்னொன்று என்று இணைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் இங்கே பயன்படுத்துங்கள்.

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையையும் மறக்க வேண்டாம். உப்புப் படியும் இடங்களில் கையேட்டில் உள்ள இடைவெளி தேவைக்கு மேல் நீளம். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, திறந்து பார்த்த அனுபவத்தைக் கொண்டு குறையுங்கள்.

செக்லிஸ்ட் எழுதுவதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். "சிலிக்கா ஜெல் சரிபார்த்தாயிற்றா? ஆம் / இல்லை" என்று கேட்டால் ஆண்டு முழுக்க "ஆம்" வரும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றை உலர்த்தும் பிரீதரில் இருக்கும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை இழுத்து இளஞ்சிவப்பாக மாறும். எனவே "எத்தனை பங்கு நிறம் மாறியிருக்கிறது? கால், அரை, முக்கால்" என்று கேளுங்கள், ஒரு படமும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டுமானால் அவர் அருகே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். போன மாதம் கால் பங்கு, இந்த மாதம் முக்கால் என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்பது உங்களுக்கு மேசையிலிருந்தே தெரிந்துவிடும். யுபிஎஸ் பேட்டரிக்கும் இப்படித்தான். ஒவ்வொரு பேட்டரியின் உள்மின்தடையைத் தனித்தனியாகப் பதிவு செய்து, புதிதாக இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடச் செய்யுங்கள். அது 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கொள்ளளவுச் சோதனைக்கான வொர்க் ஆர்டர் தானாகவே பிறக்கும்படி வரம்பு வையுங்கள்.

ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை. எல்லாச் சாதனங்களுக்கும் ஏப்ரல் 1 என்று ஒரே தொடக்க நாள் கொடுத்துவிட்டால், காலாண்டு வேலை, அரையாண்டு வேலை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். கடைசியாக சர்வீஸ் நடந்த உண்மையான தேதியைத் தேடிப் போடுங்கள். தெரியாதவற்றை வாரவாரமாகப் பிரித்துப் பரப்புங்கள்.

இனி கண்காணிப்பு. முகப்புத் திரையில் "நிறைவேற்றம் 100 சதவீதம்" என்று பச்சையாக ஒளிரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மாதாந்திர வேலை ஏப்ரல் 30, மே 2, ஜூன் 29 ஆகிய நாள்களில் நடந்தால் மூன்று மாதமும் நிறைவேறியதாகவே கணக்கு வரும். நடுவில் சாதனம் 58 நாள் கவனிப்பின்றி நின்றிருக்கிறது. பராமரிப்புத் துறையில் புழங்கும் 10 சதவீத விதியை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் வேலை என்றால் 3 நாள் முன்னே பின்னே நடந்தால்தான் நிறைவேறியதாகக் கொள்வது. அதற்கு வெளியே நடந்ததைத் தாமதமாகக் காட்டட்டும், காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். உதிரிபாகம் வரவில்லை, ஷட்டவுன் கிடைக்கவில்லை, ஆள் இல்லை என்ற மூன்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தாலே கல்லூரி முதல்வரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது புரிந்துவிடும். அந்தக் காரணத்தை வைத்து யாரையும் திட்ட வேண்டாம். திட்டினால் மறு மாதமே பொய்யான டிக் வரத் தொடங்கும்.

இன்னோர் அறிக்கையையும் மாதந்தோறும் எடுங்கள்: தடுப்புப் பராமரிப்பு ஒழுங்காக நடந்தும் பழுதான சாதனங்கள். அப்படி ஒன்று வந்தால், நீங்கள் குறிப்புப் பகுதியில் எழுதிய அந்த இரண்டு வரிகளைத் திறந்து பாருங்கள். எந்தப் பழுதைத் தடுக்கும் என்று எழுதினீர்களோ அதே பழுது வந்திருந்தால் இடைவெளி தவறு, அல்லது வேலை சரியாக நடக்கவில்லை. வேறு பழுது என்றால் செக்லிஸ்டில் ஒரு வரி குறைகிறது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், யுபிஎஸ், லிஃப்ட் என்று நான்கில் தொடங்கி, ஒரு காலாண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். யுபிஎஸ்ஸை ஏற்றும்போது பேட்டரி இருக்கும் அறையின் வெப்பநிலையையும் அளவீடாகச் சேருங்கள். யுபிஎஸ்ஸில் இருப்பது ஈய-அமில பேட்டரி என்றால், 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பல வளாகங்களில் சர்வருக்கு ஏசி இருக்கும், பேட்டரியோ பக்கத்து அறையில் வெந்துகொண்டிருக்கும்.