ராயல் ஆல்பர்ட் ஹாலில் படம் திரையில் ஓட, ஆர்க்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு எட்டுப் பேர் போகிறோம். எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகத்தைப் பற்றி. எட்டுப் பேருமே பின்னணி இசைப் பைத்தியங்கள், ஆனால் லண்டனில் இந்த வகை நிகழ்ச்சிக்குப் போவது முதல் தடவை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். படத்தை ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்தாயிற்று, இப்போது காசு கொடுப்பது மேடைக்கு. இருக்கை, நேரம், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் அதை வைத்தே தீர்மானியுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் அறிவிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். சினிமா இசைக் கச்சேரி என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்பனையாகிறது. ஒன்றில் முழுப் படமும் ஓடும். வசனமும் சத்தங்களும் படத்திலிருந்து வரும், இசையை மட்டும் நீக்கிவிட்டு அதை மேடையில் வாசிப்பார்கள். ‘இன் கான்சர்ட்’ அல்லது ‘லைவ் டு பிக்சர்’ என்று போட்டிருக்கும். இன்னொன்றில் பல படங்களின் தீம்களைக் கோத்து வாசிப்பார்கள், படம் கிடையாது, மிஞ்சினால் சில துண்டுக் காட்சிகள். மூன்றாவது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது நான்கு பேர் கொண்ட வயலின் வகைக் குழு. சுவரொட்டியில் படத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே போனால் நாலே நாலு நாற்காலி. ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர், அதைக் கோலசைத்து நடத்தும் கண்டக்டரின் பெயர், கோரஸ் உண்டா இல்லையா என்ற மூன்றும் அறிவிப்பில் இல்லையென்றால் கையை பாக்கெட்டை விட்டு எடுக்காதீர்கள். இந்தப் படத்துக்குக் கோரஸும் சிறுவர் கோரஸும் கட்டாயம் வேண்டும். எல்லோரையும் சேர்த்தால் மேடையில் 200 பேருக்கு மேல் வரும்.

இனி இருக்கை. 1871-ல் திறந்த இந்த அரங்கம் நீள்வட்ட வடிவத்தில் கட்டப்பட்டது, 5,272 பேர் கொள்ளும். நடுவில் தரையோடு இருப்பது அரீனா. மேடைக்குப் பக்கம் என்று நினைத்து முதல் தடவை போகிறவர்கள் அங்கேதான் பாய்வார்கள். சமதளம் என்பதால் முன்வரிசைத் தலைகளுக்கு நடுவே வயலின் வில்கள் ஏறி இறங்குவது மட்டும் தெரியும். பின்னால் இருக்கும் ஓபோ, கிளாரினெட், ஹார்ன், டிரம் எதுவும் கண்ணில் படாது. திரையை அண்ணாந்து பார்த்தே மூன்று மணி நேரம் போகும், கழுத்து வலிதான் மிச்சம்.

அரீனாவைச் சுற்றிப் படிப்படியாக ஏறுகிற ஸ்டால்ஸ்தான் என் முதல் தேர்வு. அதிலும் மேடைக்கு எதிரே வருகிற பகுதி, நடு உயரத்துக்கு மேலே உள்ள வரிசைகள். அங்கிருந்து பார்த்தால் மேடை முழுவதும் ஒரு தாம்பாளம் போல விரிந்து கிடக்கும். பக்கவாட்டு ஸ்டால்ஸில் திரை சாய்வாகத் தெரியும், ஒரு பக்கத்து வாத்தியம் மட்டும் ஓங்கிக் கேட்கும். வழக்கமான அமைப்பில் நமக்கு இடப்புறம் முதல் வயலின்கள், வலப்புறம் செலோவும் டபுள் பேஸும் இருக்கும். அதனால் வலது ஓரத்தில் உட்கார்ந்தால் அடிநாதம் தூக்கலாகவும் வயலின் மங்கலாகவும் வரும். சிலர் அதற்காகவே அங்கே எடுக்கிறார்கள், அது அவரவர் காது.

மேலே உள்ள சர்க்கிள் செங்குத்தானது, மலிவு, மேடையின் வரைபடம் அப்படியே தெரியும். கூட்டமாகப் போகிற மாணவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ என்று குறித்த இருக்கைகளில் எதை மறைக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள். திரையின் ஓரம் மறைந்தால் பரவாயில்லை, மேடை மறைந்தால் வேண்டாம்.

எட்டுப் பேர் என்பதால் பாக்ஸ் எனப்படும் தனித் தடுப்பறை மீது ஆசை வரும். லாஜியா பாக்ஸில் எட்டு நாற்காலி போடுவார்கள், கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் முன்னால் உட்காருகிறவர்களுக்கு ராஜ தரிசனம், பின்னால் இருப்பவர்களுக்குப் பக்கச் சுவரும் நண்பனின் பிடரியும். இடைவேளையில் இடம் மாறிக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிவைத்தால்தான் நட்பு நிலைக்கும். ஒரே வரிசையில் எட்டு இருக்கை தேடுவதைவிட, முன்னும் பின்னுமாக நான்கு நான்கு எடுப்பது சுலபம், பேசிக்கொள்ளவும் வசதி. இன்னொன்று: இந்த அரங்கில் கிட்டத்தட்ட கால் பங்கு இருக்கைகள் தனியாருக்குச் சொந்தம். கட்டும்போது பணம் திரட்டுவதற்காக 999 வருடக் குத்தகைக்கு விற்றவை அவை. அரங்கின் சொந்தத் தளத்தில் ‘இல்லை’ என்று காட்டும் நல்ல இருக்கை வேறு தளத்தில் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வந்தால் இதுவும் ஒரு காரணம். பதறி வாங்க வேண்டாம். நிகழ்ச்சி நெருங்கும்போது திரும்பி வரும் டிக்கெட்டுகள் அரங்கின் தளத்திலேயே ஒன்றிரண்டாக வரும். ஆனால் எட்டும் சேர்ந்து வராது.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. குவிமாடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கு இந்த அரங்கம் பேர் போனது. எந்த இசையமைப்பாளரும் தன் படைப்பை இங்கே இரண்டு முறை கேட்கலாம் என்பது பழைய கிண்டல். 1969-ல் கூரைக்குக் கீழே கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது அடங்கியது. அண்ணாந்து பார்த்தால் காளான்கள் மாதிரி தெரியும். படக் கச்சேரிகளில் வசனம் ஸ்பீக்கரில் வருவதால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மைக் வைத்துச் சமன் செய்வார்கள். முழுக்க வாத்தியத்தின் இயற்கை ஒலியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அப்படியும் பித்தளைக் கருவிகள் எழும்போது வசனம் மூழ்கும். அதற்காகத்தான் ஆங்கிலப் படத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போடுகிறார்கள். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் டிரம் குச்சி தோலைத் தொட்ட பிறகு பத்தில் ஒரு வினாடி கழித்துத்தான் அடி காதில் விழும். ‘வாத்தியக்காரர் பிந்துகிறார்’ என்று நினைத்துவிடாதீர்கள்.

பிந்தாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தக் கச்சேரியின் உயிர். கண்டக்டரின் மேசையில் நோட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் இருக்கும். அதிலும் படம் ஓடும், ஆனால் நாம் பார்க்கிற படம் அல்ல. குறுக்கே ஒரு வண்ணக் கோடு இடமிருந்து வலமாக இரண்டு மூன்று வினாடி நகரும். விளிம்பைத் தொட்டதும் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று மின்னும். கோட்டுக்கு ஸ்ட்ரீமர், பொட்டுக்குப் பஞ்ச் என்று பெயர். பொட்டு மின்னும் கணத்தில்தான் தாளத்தின் அடி விழ வேண்டும். பிலிம் காலத்தில் பிலிமிலேயே கோடு கீறி, ஓட்டை போட்டுச் செய்த வேலை இது, இப்போது கணினி செய்கிறது. வேகமான இடங்களில் ஹெட்போன் வழியாகக் காதில் கிளிக்கும், அதாவது தாளத்தின் டிக் டிக் ஒலியும், போகும். சில நிகழ்ச்சிகளில் கண்டக்டருக்கு மட்டும், சிலவற்றில் வாசிப்பவர்கள் எல்லோருக்கும்.

நம்மூரில் பின்னணி இசை பதிவாகும் ஆர்.ஆர். தியேட்டரில் ஒரு பிட் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு டேக் போகலாம். இங்கே 178 நிமிடப் படத்துக்கும் ஒரே டேக். ஒரு வாத்தியம் சற்று முந்தினாலும் படம் காத்திருக்காது. அடுத்த பொட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துச் சரிக்கட்டுவதுதான் கண்டக்டரின் கெட்டிக்காரத்தனம். இந்தப் படத்தை 2008-ல் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் இப்படி வாசித்துக் காட்டியவர் லூட்விக் விக்கி. 2019 அக்டோபரில் இதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் மரகதமணியின் ‘பாகுபலி’ முதல் பாகம் நடந்தபோதும் கோல் அவர் கையில்தான்.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு எல்லை உதாரணம், 1982-ல் வந்த ‘ஈ.டி.’ படத்தின் கடைசிப் பகுதி. படத்தோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்யும்போது இசையின் மூச்சு சரியாக வரவில்லை. படத்தை நிறுத்திவிட்டுக் கச்சேரியில் வாசிப்பது போல நடத்தச் சொன்னார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அப்படியே நடத்த, பிறகு காட்சியை இசைக்கு ஏற்ப வெட்டினார்கள். அன்றைக்குச் சுதந்திரமாக விட்ட அந்த மூச்சை இன்றைக்கு மேடையில் ஏறுகிற கண்டக்டர் நூல் பிசகாமல் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள்.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். 2001-ல் வந்த ‘ரிங்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் போனால் போதாது. 70 சொச்சம் நிமிடம்தான், படத்தில் வருகிற இசையில் பாதிகூட இல்லை. 2005-ல் வந்த ‘கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்’ சுமார் மூன்று மணி நேரம். அதைப் படத்தின் வரிசையிலேயே ஒரு தடவை கேளுங்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு வாத்தியம் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஹார்ன், ஒருவர் ஹார்ப், ஒருவர் தாள வாத்தியம் என்று. விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா நன்றாக வாசித்தால் பத்து நிமிடத்தில் அது இருப்பதையே மறந்து படத்துக்குள் விழுந்துவிடுவோம். பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும்.

ஹாபிட்கள் வாழும் ஷயர் காட்சிகளில் வரும் சின்ன விசில், நம் புல்லாங்குழலைவிட மெல்லிசான குழல். அதை வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று படம் தொடங்குமுன்பே தேடிவையுங்கள். மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசன்கார்டில் ஆயுதம் அடிக்கும் காட்சிகள் வரும்போது விரலால் ‘தக தகிட’ என்று எண்ணுங்கள். ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிற தாளம் அது. கண்ட சாப்பு பழகிய காதுக்கு உடனே பிடிபடும், நாலுக்குப் பழகியவர்களுக்கு ஏதோ நொண்டுவது மாதிரி இருக்கும். அந்த நொண்டல்தான் இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் வேண்டியதும். பின்வரிசையில் இரும்புப் பட்டறைக்கல்லை ஒருவர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார், அவரைத் தவறவிடாதீர்கள். மோரியா சுரங்கத்தில் ஆண் குரல்கள் அடித்தொண்டையில் எழும்போது திரையை விட்டுக் கோரஸைப் பாருங்கள். மூச்சு வாங்குவது வரிசை வரிசையாகத் தெரியும்.

கைதட்டலில் நம்மவர்கள் தடுமாறுவது சகஜம். சாதாரணக் கச்சேரியில் தட்டி முடிக்கும்வரை கண்டக்டர் நிற்பார், இங்கே படம் நிற்காது. நடுவில் விசிலடித்தால் அடுத்த பத்து வினாடி இசை போனது போனதுதான், பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்து. கண்டக்டர் வரும்போது, இடைவேளையில், முடிவில் கூரை அதிரத் தட்டுங்கள். தீம் இசையைக் கூடவே முணுமுணுப்பது, போனைத் தூக்கிப் பிடிப்பது இரண்டும் வேண்டாம். இருட்டில் ஒரு போன் வெளிச்சம் ஐம்பது பேர் கண்ணைக் குத்தும்.

7 மணிக்குத் தொடங்கினால் படத்தோடு 20 நிமிட இடைவேளையும் சேர்ந்து 10.20 ஆகிவிடும். பிந்தி வந்தால் பொருத்தமான இடம் வரும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள், அதற்குள் முன்கதை போய்விடும். சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து எக்ஸிபிஷன் ரோடு வழியாக நடந்தால் 10, 15 நிமிடம். 9, 52, 452 பஸ்கள் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். கட்டடத்தைச் சுற்றி எண்ணிட்ட வாசல்கள் இருக்கின்றன, டிக்கெட்டில் உங்கள் வாசல் எண் இருக்கும். எட்டுப் பேரும் சந்திக்கும் இடத்தை ‘ஹாலுக்கு முன்னால்’ என்று சொல்லாதீர்கள். வட்டக் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் முன்னால்? வாசல் எண்ணைச் சொல்லுங்கள். கழிப்பறை வரிசை இடைவேளையில் 15 நிமிடத்தை விழுங்கும், உள்ளே வந்த உடனேயே ஒரு முறை போய்விடுங்கள்.

கடைசியாக, பெயர் ஓடத் தொடங்கியதும் பாதி அரங்கம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும். நீங்கள் அசையாதீர்கள். வசனமும் சத்தமும் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ரா தனக்காக மட்டும் வாசிக்கிற ஒரே நீண்ட பகுதி அதுதான். முதலில் படத்தில் என்யா பாடிய பாட்டை மேடையில் ஒரு பெண் பாடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்து மீதிப் பேரும் எழுவார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சிறுவனின் தனிக்குரல் வரும்.