ரேடியோ கிட் மாட்டுவோர் கேள்விகள்: ஐ.எஃப்.டி.யைத் திருகலாமா?

ஆறு டிரான்சிஸ்டர் மீடியம் வேவ் கிட், 1619 ஐசி கிட் இரண்டையும் பற்றிய கேள்விகள் இவை. ஐ.எஃப்.டி. என்பது செட்டின் உள் அலைவரிசையான 455 கிலோஹெர்ட்ஸுக்கு (ஐ.எஃப்.) ஒத்திசைக்கும், தகர உறை போட்ட சிறு கம்பிச் சுருள்; அதன் நடுவில் திருகும் கோர் இருக்கும்.

மன்னார்குடி: முதல் கிட். எதை முதலில் போட்டுப் பற்றவைப்பது?

முதலில் எதையும் பற்றவைக்காதீர்கள் தம்பி. செய்தித்தாள் விரித்துச் சாமானைப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கே. மங்கிய வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும், 1 கே போய் 10 கே இடத்தில் உட்கார்ந்துவிடும்.

போர்டில் தாழ்வாகப் படுப்பது முதலில்: ஜம்பர் கம்பி, ரெசிஸ்டர், டிஸ்க் கண்டென்சர். பிறகு டிரான்சிஸ்டர், எலக்ட்ரோலிடிக், ஐ.எஃப்.டி. கேங் (ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கண்டென்சர்) கடைசியில்தான், சூடு நீடித்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள் வளைந்து போகும்.

டிரான்சிஸ்டரில் ஒரு கண்ணி உண்டு. பி.சி.547-க்கு நடுக்கால் பேஸ். பி.எஃப்.494-க்கு நடுக்கால் எமிட்டர். உருவம் இரண்டுக்கும் ஒன்றே. எண்ணைப் படித்து, போர்டில் எழுதிய எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். காயில்களின் (கம்பிச் சுருள்) வரிசை: சிவப்பு ஆசிலேட்டர் (செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் பகுதி), அடுத்து மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஐ.எஃப்.டி.கள். தகர உறையின் இரண்டு காதுகளையும் போர்டின் கிரவுண்டில் பற்றவைக்க வேண்டும். விட்டால் செட் ஊளையிடும்.

25 வாட் அயர்ன், 60/40 ஈயம் போதும். அயர்ன் முனை பேடையும் (போர்டின் செம்புப் புள்ளி) காலையும் சேர்த்துத் தொடட்டும். இரண்டு எண்ணுவதற்குள் ஈயத்தைக் காலில் வையுங்கள், முனையில் அல்ல. நன்றாகப் பற்றிய இடம் பளபளப்பாக, காலைச் சுற்றிச் சரிவாக இறங்கும். முத்துப்போல உருண்டு நின்றால் அது பற்றவில்லை.

உள் அண்டெனாவான ஃபெர்ரைட் கம்பியில் சுற்றிய காயிலின் முனையை உற்றுப் பாருங்கள்: தலைமுடி போன்ற பல இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனி வார்னிஷ். ஒவ்வொரு இழையும் ஈயம் பிடிக்க வேண்டும். ஓரிரு இழை விட்டுப்போனாலும் செட் பேசும், ஆனால் சோர்ந்து பேசும். காரணம் தேடி ஒரு நாள் போய்விடும்.

மின்சாரம் கொடுக்கும்போது மல்ட்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து பேட்டரியோடு தொடராக இணையுங்கள். வால்யூம் குறைவாக இருக்கையில் 8 முதல் 15 மில்லிஆம்பியர் காட்டினால் சரி. 50-ஐத் தாண்டினால் உடனே கழற்றுங்கள்.

திருவாரூர்: பித்தளைப் பாத்திரம் பற்றவைக்கிற திராவகம் வீட்டில் இருக்கிறது. போடலாமா?

கூடவே கூடாது. அது துத்தநாகக் குளோரைடு. ஈயம் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் மிச்சம் போர்டிலேயே தங்கி ஈரத்தை இழுக்கும். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பேடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும், செம்பு பச்சையாகும். ரேடியோ ஈயத்தின் உள்ளேயே ரோசின் என்ற பிசின் இருக்கிறது. வேறெதுவும் வேண்டாம்.

பட்டுக்கோட்டை: எல்லாம் மாட்டியாயிற்று. இரைச்சல் மட்டும் வருகிறது, ஸ்டேஷன் இல்லை.

வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடுங்கள், விரல் அதன் இரும்பில் இருக்கட்டும். குர்ர் என்றால் அதற்குப் பிந்திய பகுதி நலம். அடுத்து ஆசிலேட்டர். நன்றாகப் பேசும் வேறொரு ரேடியோவை மீடியம் வேவில் 1055 கிலோஹெர்ட்ஸில் வைத்து, கிட்டின் ஃபெர்ரைட் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கிட்டின் கேங்கை 600 பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஆசிலேட்டர் எப்போதும் ஸ்டேஷனைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கூட ஓடுவதால் 600-க்கு 1055. அந்த இடத்தில் நல்ல ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் ஆசிலேட்டர் ஓடுகிறது. கோளாறு ஃபெர்ரைட் காயிலிலோ ஐ.எஃப். பகுதியிலோ. அடங்கவில்லை என்றால் சிவப்புக் காயில், பி.எஃப்.494, கேங்கின் கால்கள், இவற்றைப் பாருங்கள்.

கும்பகோணம்: சத்தம் குறைவு. ஐ.எஃப்.டி.களைத் திருகிப் பார்த்தேன், கொஞ்சம் கூடியது.

திருகாதீர்கள். ஐ.எஃப்.டி. 455-க்கு ஏறக்குறைய சரிசெய்யப்பட்டே வருகிறது. பற்று சரியில்லாத செட்டில் அதைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

தஞ்சாவூர்: அண்ணே, ஐ.எஃப்.டி.யைத் திருகவே கூடாதா? 455 சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறதா? காதால் கேட்டே டியூன் செய்யலாமே. திருச்சி 936-ஐ வைத்தால் போதும்.

காதால் முடியும், மறுக்கவில்லை. ஆனால் தஞ்சாவூரில் 936 பலமாக விழும் ஸ்டேஷன். சிக்னல் கூடினால் ஏ.ஜி.சி. தானாகவே பெருக்கத்தைக் குறைத்துவிடும்; ஐ.எஃப்.டி.யின் கோரை அரைச் சுற்றுத் திருப்பினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சிக்னலை மெலியவைத்துத்தான் திருப்ப வேண்டும். திருச்சி உங்களுக்கு மேற்கே. ஃபெர்ரைட் கம்பி தெற்கு வடக்காகக் கிடந்தால் சத்தம் அதிகம். கிழக்கு மேற்காக, முனை திருச்சியைப் பார்த்துக் கிடந்தால் மிகக் குறைவு. செட்டைச் சுழற்றி ஸ்டேஷன் அரைகுறையாகக் கேட்கும் நிலையில் நிறுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் முனையால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பின்னிருந்து முன்னுக்கு, கால் சுற்றுக்கு மேல் போகாமல்.

கும்பகோணம்: அப்படித் திருகி மூன்றும் 460-இல் நின்றால்தான் என்ன?

மூன்றும் ஒன்றாக 460-இல் நின்றால் பெரிய கேடில்லை, டயல் சற்றுத் தள்ளும், அவ்வளவுதான். நான் பயப்படுவது ஒன்று 448, ஒன்று 455, ஒன்று 463 என்று சிதறுவதை. அப்போது சத்தமும் குறையும், பக்கத்து ஸ்டேஷனும் உள்ளே வரும். அதோடு 1619 கிட்டில் 455 செராமிக் ஃபில்டர் இருக்கிறது. அதைத் திருக முடியாது, ஐ.எஃப்.டி.தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

தஞ்சாவூர்: சரி, ஐ.எஃப். முடிந்தது. டயல்?

தாழ்முனையில் சிவப்புக் காயில் கோர், உயர்முனையில் கேங்கின் முதுகில் உள்ள டிரிம்மர் (திருகும் சிறு கண்டென்சர்). சத்தத்துக்குத் தாழ்முனையில் ஃபெர்ரைட் காயிலை நகர்த்துங்கள், உயர்முனையில் அண்டெனா டிரிம்மர். ஒன்று மற்றதை இழுக்கும், மூன்று தடவை மாறி மாறிச் செய்யுங்கள். இரவில் சென்னை 720 கிடைத்தால் தாழ்முனைக்கு உதவும்.

மயிலாடுதுறை: என் கிட் பேசவில்லை.

பட்டுக்கோட்டைக்குச் சொன்னதே.

சீர்காழி: ஐ.எஃப்.டி.யைத் திருகியும் பேசவில்லை.

இன்னும் திருகாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். மீட்டர், ஆசிலேட்டர் சோதனை, பிறகு கோர்.

திருத்துறைப்பூண்டி: 6 வோல்ட் எலிமினேட்டர் கொடுத்ததும் 1619 சூடாகிச் செத்துவிட்டது.

6 என்று எழுதியிருந்தாலும், சுமை குறைவாக இருக்கையில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 9, 10 வோல்ட் வரை தரும். நடுவில் 7805 ரெகுலேட்டர் ஐசி போட்டு 5 வோல்ட்டாக்குங்கள். ஸ்டேஷன் மேல் மட்டும் உறுமல் வந்தால் எலிமினேட்டரின் ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் 103 என்று எழுதிய ஒரு டிஸ்க் கண்டென்சர். செல்போன் சார்ஜர் வேண்டாம், மீடியம் வேவ் முழுக்க அதன் இரைச்சல்தான் கேட்கும்.

நீடாமங்கலம்: எஃப்.எம்.மில் காரைக்கால் 100.3-உம் கொடைக்கானல் 100.5-உம் குழம்புகிறது.

இடைவெளி 200 கிலோஹெர்ட்ஸ்தான். கிட்டில் வரும் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் பெரும்பாலும் 280 கிலோஹெர்ட்ஸ் அகலம். 150 அல்லது 180 அகலமுள்ளதை மாற்றுங்கள், கால்கள் அதேதான்.

நாகப்பட்டினம்: எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கிட்?

உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதுங்கள்.

வேதாரண்யம்: கடற்காற்றில் ஒரு வருடத்தில் செட் கரகரக்கிறது.

பேட்டரி ஸ்பிரிங்கும் வால்யூம் கண்ட்ரோலும்தான் முதலில் போகும். பற்றுப் பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துலக்கி, வெயிலில் ஒரு பொழுது காயவைத்து, அந்தப் பக்கம் மட்டும் தெளிந்த வார்னிஷ் பூசுங்கள். கேங்கிலோ ஐ.எஃப்.டி.யிலோ ஒரு சொட்டும் படக்கூடாது. திராவகம் வைத்த போர்டாக இருந்தால் மேலே எத்தனை பூசினாலும் உள்ளே அரிப்பது நிற்காது. புது போர்டுக்கு மாற்றுங்கள்.